சர்வருக்கு வெற்றிலை பாக்கு

எங்கள் சங்கத்து டேட்டாபேஸின் வாசல் மூன்று வருஷம் உலகத்துக்கே திறந்து கிடந்தது. அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் வரவில்லை என்றுதான் நான் சொல்வேன். அஸ்வினி வேறு மாதிரி சொல்வாள். அவள் படித்தவள். எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சங்கம் என்றால் மல்லிகைப்பூ விவசாயிகள் சங்கம். செக்கானூரணிக்கு மேற்கே நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. ஆபீஸ் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடைக்கு மாடியில். நான் அதன் செயலாளர், பெயர் சௌரிராஜன். இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நாலு ஊரும் ஒன்றுக்கொன்று பங்காளி, இல்லையென்றால் சம்பந்தி. அவர்களில் ஒருவரைச் செயலாளராகப் போட்டால் மறுநாளே மற்ற மூன்று ஊர்ப் பூவும் வேறு கடையில் இறங்கிவிடும். நானோ கீழவாசல் பக்கத்து ஆள். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் பேசுகிற பாஷையே வேறு. எனக்கு அங்கே மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. அந்த ஒரே தகுதியில் நாற்காலி கொடுத்தார்கள்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும். ஒரு சித்திரை மாசம் எங்கள் பூ எப்படி மணந்தது என்றால், மார்க்கெட்டை ஒட்டித் திரும்பிய திருநெல்வேலி பஸ் டிரைவருக்கு, தான் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு வந்துவிட்டது. வண்டியை நேரே தன் அத்தை ஊருக்கு விட்டுவிட்டார். பயணிகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேசரியும் காப்பியும் கிடைத்தது. மூன்று பேர் அங்கேயே தங்கிவிட்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்ட பூவின் கணக்கெல்லாம் ஒரு ஆப்பில் இருந்தது. அதைச் செய்தவள் அஸ்வினி. சங்கத் தலைவர் தங்கப்பாண்டியின் மகள். பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவள். எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து, மார்க்கெட்டில் ஏழெட்டுக் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயி காலையில் போனைத் திறந்து, இன்றைக்கு எத்தனை கிலோ, எந்தக் கடை என்று ஆப்பில் போட்டுவிடுவார். அது போய் டேட்டாபேஸில் உட்காரும். டேட்டாபேஸ் இருக்கும் மெஷின் மதுரையிலேயே இல்லை. எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் மாச வாடகைக்கு ஓடுகிறது. அதைத்தான் கிளவுடு என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது நான் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டியும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

வாசல் திறந்து கிடந்த விஷயம் இதுதான். ஆரம்பத்தில், தை முகூர்த்த அவசரத்தில், டேட்டாபேஸுக்குள் யார் வரலாம் என்று கேட்ட கட்டத்தில் ‘எங்கிருந்தும்’ என்று போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே மாற்றிவிடலாம் என்று இருந்தாளாம். அப்புறம் பூ வந்தது, முகூர்த்தம் வந்தது, மழை வந்தது. பாஸ்வேர்டு ‘மல்லி123’. இதைச் சங்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கீழே வடை போடுகிறவருக்கும் தெரியும்.

திறந்த வீட்டுக்கு ஆள் வராமல் இருக்குமா. வந்தார்கள். பனி கொட்டுகிற ஏதோ தேசத்திலிருந்து ஒருவன் தினமும் விடியும் முன்னே உள்ளே வந்து, எங்கள் எடையைப் பார்த்துவிட்டுப் போவான். எதையும் தொட மாட்டான். ஒரு வாரம் அவனைக் காணோம் என்றதும் எனக்கே கவலையாகிவிட்டது. அங்கே குளிர் ஜாஸ்தி, உடம்புக்கு என்னவோ என்று. இன்னொருவன், எந்த ஊரோ தெரியாது, எங்கள் சங்கத்து விவசாயி செல்லக்கிளியின் எடையைக் கூட்டியதில் இருந்த பிசகைத் திருத்தியே விட்டுப் போயிருந்தான். செல்லக்கிளி அவனுக்கு ஒரு பந்து பூ அனுப்ப அட்ரஸ் கேட்டார். அஸ்வினிதான் கொடுக்கவில்லை.

எல்லாரும் அப்படி நல்ல மனுஷர்களாக இருந்துவிட்டால் கதையே இல்லை. ஆவணி பிறந்த வாரம், மெஷினை வாடகைக்கு விட்ட கம்பெனியிலிருந்து அஸ்வினிக்கு மெயில் வந்தது. உங்கள் டேட்டாபேஸ் திறந்து கிடக்கிறது, அதற்குள் புகுந்தவர்கள் அங்கிருந்துகொண்டு பிறத்தியார் மெஷின்களைத் தட்டிப் பார்க்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அடைக்காவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவோம் என்று.

"நிறுத்துனா என்னத்தா?" என்றேன்.

"நிறுத்துனா சங்கத்துக் கணக்குப் போச்சு தாத்தா. மத்த கடைக்காரங்க கணக்கும் அதே மெஷின்லதான் கெடக்கு. ஆவணி முகூர்த்தத்துல ஏழெட்டுக் கடைக்குக் கணக்கு நின்னா, அதுக்கப்பறம் எனக்கு எவன் வேலை குடுப்பான். ரூமைக் காலி பண்ணிட்டு மறுபடி பெங்களூரு போக வேண்டியதுதான்."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே காலிப் பூக்கூடைகளை ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தப் பெண் போவதில் இஷ்டம் இல்லை. மாடியில் நான் சொல்வதை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். புதியது ஒரு சாண் நீளம். அதை அவளும் மனப்பாடம் செய்யவில்லை என்று தெரிந்ததும், வடைக்காரர் தனக்கு மட்டும் இழைத்த அநீதி இல்லை என்று சமாதானமானார். அதுவரை ஆப் எஜமானன் போல எல்லா உரிமையோடும் டேட்டாபேஸுக்குள் புழங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்து, எடையை எழுது, எடையைப் படி, வேறெதையும் தொடாதே என்று தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தாள். ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே போகிற வருகிற பேச்சு வழியில் யார் காதிலும் விழாதபடி பூட்டினாள். யார் வந்தார், எப்போது வந்தார் என்று தானாக எழுதிக்கொள்ளும்படி செய்தாள். இதற்கெல்லாம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடைசியாக ஃபயர்வால். ‘எங்கிருந்தும்’ என்று இருந்ததை எடுத்துவிட்டு, இன்னார் மட்டும் வரலாம் என்று எழுத வேண்டும். அதில் அவள் எழுதினது இரண்டு வரி. ஒன்று, ஆப் ஓடுகிற மெஷினின் விலாசம். இன்னொன்று, அவளுடைய அறையின் விலாசம். விலாசம் என்றால் வெறும் எண்கள். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒன்றுக்கு ‘ஆப்’ என்றும் மற்றதற்கு ‘அஸ்வினி’ என்றும் போட்டாள். இனி அந்த ‘எங்கிருந்தும்’ வரியை அழிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் காளை மாடியேறி வந்தார்.

காளை, தங்கப்பாண்டிக்குப் பெரியப்பா மகன். வயதில் மூத்தவர். நாலு ஊரில் பெரிய ஊருக்குப் பெரியவர். முன்பு ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் அவர் பெயரை இரண்டாவது பத்தியில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கே எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் மேலே இருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் உட்காருவார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பெயர்ப்பலகையைக்கூட அப்படித்தான் படிப்பார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"என்னத்தா இது, ரெண்டே வரி இருக்கு?"

"உள்ள வரக்கூடிய ஆளுக பெரியப்பா. மத்தவங்கள விடாது."

"வேலி போடுறது நல்லதுதான். இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஒங்க பேரு இதுல தேவையில்ல பெரியப்பா."

தேவையில்லை என்ற வார்த்தையை அந்தப் பக்கத்தில் ஒரு பெரியப்பாவிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். பெங்களூர்த் தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்க வேண்டும். காளை கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அஸ்வினின்னு ஒரு பேரு இருக்கே."

"அது என் ரூமு பெரியப்பா. வேலை பாக்க நான் போகணும்ல."

"ஆக, தங்கப்பாண்டி வீட்டு ஆளு ஒண்ணு. அப்பறம் ஒரு மெஷினு. நாலு ஊர்ச் சங்கத்துல மருவாதி இந்த ரெண்டு பேருக்குத்தான்."

"மருவாதி இல்ல பெரியப்பா, இது வந்து, நீங்க எப்பவும் போல ஆப்புல எடை போடலாம். இந்த லிஸ்டுல பேரு இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது. நீங்க இது வழியா வரவே போறதில்ல."

"நான் வரப் போறதில்ல. அது வேற. கூப்புடல பாரு, அது வேற."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். பாதிப் படியில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, "அண்ணே, நீங்க பொதுவான ஆளு, தெரிஞ்சுக்கங்க. இந்த லிஸ்டு இப்பிடியே நடப்புக்கு வந்துச்சுன்னா, எங்க ஊருப் பூவு மறுநாள்ல இருந்து வேற சங்கம்," என்றார்.

அஸ்வினி நினைத்தால் அந்த வரியை அப்போதே அழித்துவிடலாம். ஒரு தட்டுத்தான். ஆனால் பாதிப் பூ காளையின் ஊர்ப் பூ. அதைப் போகவிட்டால் சங்கம் என்று சொல்ல நானும் நாற்காலியும்தான் மிச்சம். தங்கப்பாண்டி வந்தார், விஷயத்தைக் கேட்டார், மகளைப் பார்த்தார்.

"ஏத்தா, பேரைப் போட்டுட்டா என்ன கெட்டுப் போச்சு? எழுத எடம் இருக்குல்ல?"

"எடம் இருக்குப்பா. ஒரு ஆளு போன வச்சு வர்றாருன்னா, அந்தப் போனோட வெலாசம் போனு நம்பரு மாதிரி இல்ல, தெனமும் மாறும். ஒருத்தரச் சேக்கணும்னா அந்தப் போன் கம்பெனியோட வெலாசம் அத்தனையும், ஒரு தெருவு முழுசையும் சேக்குற மாதிரி, சேக்கணும்."

"தெருவுக்காரனும் வந்துட்டுப் போறான். அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னா அவரு வாசல்ல போயி நான்ல நிக்கணும்."

காளையின் பெயரை மட்டும் சேர்ப்பதாகத்தான் பேச்சு. ஆனால் அவர் படியிறங்கிய வேகத்தில் சேதி செக்கானூரணியைத் தாண்டிவிட்டது. சங்கத்தில் ஒரு பட்டியல் போடுகிறார்களாம், உள்ளே விடுகிற ஆட்கள் பட்டியலாம் என்று. சாயங்காலத்துக்குள் எல்லாரும் போன் போட்டுவிட்டார்கள். சும்மா பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து முறையாகக் கேட்க வேண்டும் என்றார்கள்.

ஆக, தங்கப்பாண்டி சோழவந்தான் வெற்றிலை ஒரு கவுளி வாங்கினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு பந்து பூ. அஸ்வினி தட்டைப் பிடித்துக்கொள்ள, பொது ஆளாக நான் கூட நடக்க, வேகாத வெயிலில் நாலு ஊரும் சுற்றினோம். அந்த வெயிலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கருமாத்தூர் தாண்டும்போது என் நிழல் நின்றுவிட்டது. நான் கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போனேன்.

காளை வீட்டுக்குத்தான் முதலில் போனோம். தட்டை வாங்கிக்கொண்டு, "எந்த எடத்துல போடுவ?" என்று மட்டும் கேட்டார்.

"மொதல்ல பெரியப்பா."

"சரி. வர்றதும் வராததும் நம்ம இஷ்டம்."

அடுத்தது செல்லக்கிளி. "சேலை துணிமணி ஏதும் எடுத்துட்டு வரணுமாத்தா? சர்வருக்கு என்ன சீரு செய்யிறது வழக்கம்?" என்று அக்கறையாக விசாரித்தார். ஒன்றும் வேண்டாம் என்றாள். அதில் அவருக்கு மனக்குறைதான்.

ஜெயக்கொடி வீட்டில் கொஞ்சம் சிக்கல். செத்துப்போன தன் அப்பா பெயரையும் போட வேண்டும் என்றார். பத்திரிகையில் தெய்வத்திரு என்று போடுவது போல.

"அவருக்குப் போன் இல்லையேண்ணே," என்றாள் அஸ்வினி.

"இல்லாட்டி என்ன. அவரப் பொதைச்ச எடத்துல டவரு நல்லாக் கெடைக்கும்."

மகன் போன் எந்தத் தெருவோ அதே தெருவில் அப்பாவையும் சேர்த்தோம். அதற்குப் பிறகு போன வீடுகளில் எல்லாம் தெய்வத்திருக்களும் எழுந்து வந்தார்கள். கடைசி ஊரில் ஒருவர் தன் வாடிவாசல் மாட்டைச் சேர்க்கச் சொன்னார். மாட்டுக்குப் போன் கிடையாதே என்று பார்த்தோம். கழுத்தில் கட்டிவிடுகிறேன் என்றார். மாட்டை மட்டும் அஸ்வினி சேர்க்கவில்லை. அந்த உறுதியை நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தங்கப்பாண்டி பெயரும் சேர எல்லாப் பெயரையும் ஏற்றிவிட்டு, வியாழக்கிழமை அந்த ‘எங்கிருந்தும்’ வரியை அழித்தாள். அழித்த கையோடு இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, அந்தக் கம்ப்யூட்டருக்கு நம் ஊர் வழக்கம் தெரியவில்லை. நாம் எழுதிய வரிசையில் வைக்காமல், எண் எதுவோ அதன்படி அதுவே அடுக்கிக்கொண்டது. காளையின் பெயர் போய், ஜெயக்கொடியின் செத்துப்போன அப்பாவுக்குக் கீழே நின்றது. அதுவாவது பரவாயில்லை, பெரியவர், தெய்வமாகிவிட்டவர். ஆனால் அவருக்கு மேலே தங்கப்பாண்டியின் மருமகன், அஸ்வினியின் அக்காவைக் கட்டியவன். நேற்று வந்த பையன். அஸ்வினி மூன்று தடவை மாற்றி எழுதினாள். மூன்று தடவையும் அது தன் இஷ்டத்துக்கு அடுக்கியது.

இரண்டாவது, கம்பெனியிலிருந்து மறு மெயில். நீங்கள் அடைத்தது போதாது, பெரிய பெரிய போன் கம்பெனிகளின் தெருக்கள் அத்தனையும் உள்ளே வரலாம் என்று இருக்கிறது, லட்சக்கணக்கான பேர், இது திறந்து கிடப்பதற்குச் சமம், கெடு மாறாது, வெள்ளி ஆறு மணி.

அஸ்வினி அதைப் படித்து முடித்தாள். பிறகு போனை எடுத்து, பெங்களூரில் யாரோ தோழியிடம், அந்தப் பழைய ரூமில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். மார்க்கெட் அந்நேரம் தூங்கும். காலையில் கழித்துப்போட்ட பூ கீழே மிதிபட்டுக் கிடக்கும், அந்த வாசனை லேசாக மாடிக்கு வரும், பசுமாடு ஒன்று அதைத் தின்றுகொண்டிருக்கும். நாலு ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். காளையோடு அவர் சம்சாரம் ஒச்சம்மாளும். தோட்டம் அந்த அம்மாள் பேரில், எடை போடுவதும் அவர்தான். காளை எடை போட்டு நான் பார்த்ததில்லை.

அஸ்வினி எழுந்து நின்று சொன்னாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்த வாசலை அடைக்கணும் பெரியப்பா. எல்லாரு பேரையும் எடுத்துட்டு, பழையபடி ரெண்டு வரிதான் வைக்க முடியும். இல்லாட்டி மெஷினே நின்னுரும். எனக்கு வேற வழி தெரியல."

"வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டுட்டு, இப்ப எந்திரிச்சுப் போங்கிறியா?" என்றார் காளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விசாரிக்கிற மாதிரி சொன்னார்.

அஸ்வினி பதில் சொல்வதற்குள் ஒச்சம்மாள் குறுக்கே வந்தார். அவர் கவலை வேறு.

"ஆறு மணின்னா வெளக்கு வைக்கிற நேரம்ல? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வைக்கிற நேரத்துல வாசலை அடைக்கச் சொல்றவன் எந்த ஊருக்காரன்? லச்சுமி எப்பிடி உள்ள வருவா?"

இதற்கு மறுபேச்சு இருக்குமா. எல்லாரும் தலையாட்டினார்கள். பெயர் விஷயத்தில் பிரிந்து நின்றவர்களும் இதில் ஒன்றாகிவிட்டார்கள். தங்கப்பாண்டியே, "அது சரிதானத்தா, நாளைக்கிக் காலைல அடைக்கிறோம்னு அவன்ட்ட சொல்லிப் பாரு," என்றார். சனிக்கிழமை ஆகாது என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி என்றார் ஜெயக்கொடி.

அஸ்வினி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது எங்கள் ஆபீஸ் கடிகாரம். ஆள் பார்த்தால் வேகமாக ஓடும் சுபாவம் உள்ளது. அதனால் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பெரியம்மா, நீங்க வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"வீடு வாசல் கூட்டித் தண்ணி தெளிப்பேன். மூஞ்சி கழுவுவேன். கொல்லக் கதவைச் சாத்திட்டு வந்து வெளக்குப் பொருத்துவேன்."

"கொல்லக் கதவை ஏன் சாத்துறீங்க?"

"என்னத்தா கேள்வி இது. முன்வாசல் வழியா வர்றவ பின்வாசல் வழியாப் போயிரக் கூடாதுல்ல."

"நான் அடைக்கப் போறது அந்தக் கதவுதான் பெரியம்மா," என்றாள் அஸ்வினி. "நான்தான் வாசல் வாசல்னு தப்பாச் சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் தெனமும் வர்றது ஆப்பு வழியா. அதான் முன்வாசல். அது ராப்பகலாத் தெறந்துதான் கெடக்கும், வெள்ளிக்கெழமையும் தெறந்திருக்கும். இது பின்னாடி, சாமான் எடுக்கப் போட, கூட்டிப் பெருக்க, வேலைக்காரவுக போயிட்டு வர்ற கதவு. மூணு வருசமாத் தொறந்து கெடந்துச்சு. திருட்டுப் பய எல்லாம் இது வழியாத்தான் வந்துட்டுப் போயிருக்கான்."

ஒச்சம்மாள், "கொல்லைய மூணு வருசம் தொறந்து போட்டா வீடு வெளங்குமா? மொதல்ல சாத்து," என்றார்.

காளை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"அப்ப என் பேரை நீ எங்க எழுதி வச்சிருக்க?"

"கொல்லக் கதவுல பெரியப்பா."

கீழே மாடு பூவை மெல்லுவது கேட்டது.

"எங்க ஊருல நாலு வீடு இருக்குல்ல பெரியவங்க வீடு," என்று மெதுவாக ஆரம்பித்தார் காளை. "எங்கப்பன் காலத்துல இருந்து எவன் வீட்டுக் கொல்லை வழியாவாச்சும் நாங்க உள்ள போயிருக்கமா? வெத்தல பாக்கு வச்சு, பழம் வச்சு, தட்டை நீட்டி, கொல்லக் கதவுல பேரு எழுதிருக்கீக."

"நீங்கதானண்ணே கேட்டீக," என்றார் தங்கப்பாண்டி.

"நான் கேட்டா? கேக்குறவனுக்கு எது முன்வாசல் எது பின்வாசல்னு எடுத்துச் சொல்ல மாட்டீகளா? எடுத்துருத்தா எம்பேரை. இப்பவே எடு."

அதற்குள் செல்லக்கிளி எழுந்துவிட்டார். "எம்பேரையும் எடுத்துருத்தா. சம்பந்தக்காரனுக்குத் தெரிஞ்சா சிரிப்பான்." ஜெயக்கொடி, "எங்கய்யா பேரை மொதல்ல எடு, செத்தும் அந்த மனுசனக் கொல்லைல நிப்பாட்டிட்டேன்," என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வராத ஆட்களுக்கெல்லாம் போன் போயிற்று. அவர்களும் போனிலேயே பெயரை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் அழுதே விட்டார்கள். மாட்டுக்காரர் மட்டும், என் மாட்டை அப்படிப்பட்ட இடத்தில் சேர்க்காததற்கு அஸ்வினிக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

"எடுத்துர்றேன்," என்று அஸ்வினி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நிமிசம்," என்றார் காளை. "யாரு பேரை மொதல்ல எடுப்ப?"

அந்தக் கேள்வியில் மறுபடி எல்லாம் நின்றுபோயிற்று. கொல்லைக் கதவிலிருந்து முதலில் வெளியே வருகிறவன் யாரோ அவனுக்குத்தானே மரியாதை. மூத்தவர் என்று காளை சொன்னார். தலைவர் என்று தங்கப்பாண்டியின் மருமகன் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். தெய்வமானவர்கள்தான் முதலில் என்று ஜெயக்கொடி. பொது ஆள் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். நான், எல்லாத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றேன். இருந்தது. கடிகாரம் என்னைப் பார்த்துவிட்டது, முள் ஆறுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அஸ்வினி யாரையும் கேட்கவில்லை. பெயர்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள், திரை முழுக்க நீலமாயிற்று, ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாரும் ஒண்ணா வெளிய வந்துட்டீங்க," என்றாள்.

இரண்டு வரிதான் பாக்கி. ‘ஆப்’, ‘அஸ்வினி’. சேமிக்கவா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. அவள் விரலை வைக்கப் போகும்போது தங்கப்பாண்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருத்தா. எல்லாரும் வெளிய வந்தாச்சு. எம்மக பேரு மட்டும் கொல்லக் கதவுல கெடக்கணுமா?"

"அப்பா, நான் போகாட்டி யாருப்பா வேலை பாக்குறது. கூட்டிப் பெருக்குறவ கொல்லைலதான நிக்கணும்."

"தலைவரு மக கூட்டிப் பெருக்கணும்னு எழுதி வச்சிருக்கா? நாலு பேரு என்ன பேசுவாக?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கையை விடவில்லை. அந்தச் சமயத்தில், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, காளை தன் தம்பி தோளில் கையைப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை, அவர் பேரன் பிறந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

"இருக்கட்டும் தம்பி," என்றார் இதமாக. "பெரிய குடும்பம்னு இருந்தா யாராச்சும் ஒரு ஆளு கொல்லையப் பாத்துக்கத்தான் செய்யணும். ஒங்க வீட்டுப் புள்ள பாக்குது. நாங்க யாரும் கொறையா நெனைக்க மாட்டோம்."

தங்கப்பாண்டி கையை எடுத்தார். அஸ்வினி தட்டினாள். கம்பெனியிலிருந்து பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தது. சரியாக இருக்கிறது, மெஷின் ஓடும் என்று. அவள் போனை எடுத்து, அந்த ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று ஒரு வரி அனுப்பினாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

படியில் காளை என்னை ஓரமாக நிறுத்தினார்.

"அண்ணே, மொத்தமா அழிச்சாளே, அதுல யாரு பேரு மொதல்ல போச்சு? நீங்க பாத்தீகள்ல?"

"பாத்தேன். ஒங்க பேருதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஒச்சம்மாள் பின்னால் போனார். தங்கப்பாண்டி கதவுக்குப் பின்னால் காத்திருந்து, அவர்கள் தெரு திரும்பிய பிறகு வந்து, அதையே கேட்டார்.

"ஒங்க பேருதான்," என்றேன்.